முதல் முக்கோணம் வர எத்தனை மாதம்?



கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சில சமயம் கேம் கன்சோல் பக்கம் திரும்பிவிடும். எதில் எத்தனை ஜிகாபைட், எது வேகம், எது வீண் செலவு என்று சண்டை களை கட்டும். நானும் அந்தச் சண்டையில் உண்டு. ஆனால் பொறியியல் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு வேறு ஒரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. அந்த வேகத்தை வைத்து விளையாட்டு எழுதப் போகிறவர் யார்? அவருக்கு அந்தப் பெட்டி எவ்வளவு ஒத்துழைக்கிறது? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான். நிரல் எழுதத் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மாரியோ விளையாட்டுகள் நிண்டெண்டோவின் சொந்தச் சரக்கு. கன்சோலும் அவர்களுடையது, விளையாட்டும் அவர்களுடையது. ஆனால் ஒரு கன்சோலில் வரும் பெரும்பாலான விளையாட்டுகள் அப்படி இல்லை. வேறு ஒரு நிறுவனம் உரிமம் வாங்கி, தன் ஆட்களை வைத்து எழுதி, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் கன்சோல்காரருக்குப் பங்கு கொடுக்கும். இவர்களைத் தேர்ட் பார்ட்டி டெவலப்பர் என்பார்கள். இந்தக் கட்டுரையில் வெளி டெவலப்பர் என்று எழுதுகிறேன்.

பாசார் மாலாம் மாதிரி யோசித்துப் பாருங்கள். ஏற்பாட்டாளர் இடத்தைப் பிடிப்பார், விளக்கு போடுவார், வாடகை வாங்குவார். அவருக்கே ஒரு கடை இருக்கலாம். ஆனால் சனங்கள் வருவது விளக்கைப் பார்க்க இல்லை. சாத்தே சாப்பிட, ஆப்பம் பாலிக் வாங்க. கடைக்காரர் என்ன பார்ப்பார்? தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கா, லோரி உள்ளே வருமா, வாடகை எவ்வளவு, கூட்டம் எவ்வளவு. அவரிடம் இருப்பது ஒரு லோரி. வெள்ளிக்கிழமை ஒரு இடத்துக்குத்தான் போக முடியும். ஏற்பாட்டாளர் எவ்வளவு பெரிய அலங்கார வளைவு கட்டினாலும் தண்ணீர் இல்லையென்றால் கடைக்காரர் பக்கத்துத் தாமானுக்குப் போய்விடுவார்.

வெளி டெவலப்பர் என்ற இனமே ஒரு கோபத்தில் பிறந்தது. 1977-ல் வந்த அட்டாரி 2600-க்கு ஆரம்பத்தில் அட்டாரி மட்டும்தான் விளையாட்டு எழுதியது. எழுதியவர்களின் பெயர் பெட்டியில் வராது, விற்பனையில் பங்கும் கிடையாது. அதனால் வெறுத்துப்போன நான்கு நிரலாளர்கள் வெளியேறி, 1979-ல் ஆக்டிவிஷன் நிறுவனம் தொடங்கப்பட்டது. அட்டாரி வழக்குப் போட்டது. கடைசியில் சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகு கதவு திறந்துவிட்டது. நல்லவர், கெட்டவர் எல்லாரும் உள்ளே வந்தார்கள். குப்பை விளையாட்டுகள் கடைகளில் குவிந்தது 1983-ல் அமெரிக்கச் சந்தை சரிந்ததற்கு ஒரு காரணம்.

அந்தச் சரிவைப் பார்த்த நிண்டெண்டோ நேர் எதிராகப் போனது. தன் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப் வைத்தது. அனுமதி பெற்ற கேட்ரிட்ஜ் மட்டுமே ஓடும். கேட்ரிட்ஜைத் தயாரிப்பது நிண்டெண்டோ. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுதான் வெளியிடலாம். கொனாமி இதைத் தாண்டுவதற்காகவே அல்ட்ரா கேம்ஸ் என்று இன்னொரு பெயரில் ஒரு கடை திறந்தது. சந்தையில் வேறு பெரிய இடம் இல்லாததால் எல்லாரும் இந்தக் கெடுபிடியைப் பொறுத்துக்கொண்டார்கள். போட்டிக்கு ஆள் வரும்வரை இது செல்லும்.

ஆள் வந்தது 1994-ல். இங்கேதான் நம் பாடத்தின் முக்கியப் பகுதி ஆரம்பிக்கிறது.

அந்த ஆண்டு நவம்பர் 22-ல் ஜப்பானில் சேகா சாட்டர்ன் வெளிவந்தது. இரண்டே வாரத்தில், டிசம்பர் 3-ல், சோனியின் முதல் பிளேஸ்டேஷன். சேகா அப்போது பழுத்த அனுபவசாலி. சோனி இந்தத் தொழிலில் கன்சோல் செய்து பழகாத புதுமுகம். காகிதத்தில் பார்த்தால் சாட்டர்ன் பலமான பெட்டிதான். ஹிட்டாச்சி எஸ்.எச்.2 ரகச் செயலிகள் இரண்டு, படம் வரைய இரண்டு தனிச் சிப்கள், ஒலிக்குத் தனிச் செயலி, குறுந்தட்டைக் கவனிக்க இன்னொன்று. பிளேஸ்டேஷனில் முக்கியச் செயலி ஒன்றே ஒன்று, 33.87 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட ஆர்3000ஏ. அதோடு முப்பரிமாணக் கணக்குப் போட ஒரு துணைச் செயலி, வரைய ஒரு சிப்.

இரண்டு செயலி என்றால் இரண்டு மடங்கு வேகம் என்று தோன்றும். அப்படி இல்லை. சாட்டர்னின் இரண்டு செயலிகளும் முதன்மை நினைவகத்துக்குப் போக ஒரே பாதையைத்தான் பயன்படுத்தின. ஒன்று பாதையில் இருந்தால் மற்றது ஓரமாக நிற்க வேண்டும். வேலையைச் சரியாகப் பிரித்து, ஒவ்வொரு செயலியும் தன் சின்னத் தற்காலிக நினைவகத்தை வைத்தே பெரும்பாலும் ஓடுமாறு எழுதினால்தான் இரண்டாவது செயலியால் பயன். அந்தக் காலத்து விளையாட்டு நிரலாளர்களில் பலர் ஒற்றைச் செயலிக்கு எழுதியே பழகியவர்கள். விர்ச்சுவா ஃபைட்டரை உருவாக்கிய சேகாவின் யூ சுசுகியே, இந்தப் பெட்டியின் முழு வேகத்தை எடுக்கக்கூடியவர் நூற்றில் ஒரு நிரலாளர்தான் இருப்பார் என்ற பொருளில் பேசியிருக்கிறார். சொந்த வீட்டு ஆளே அப்படிச் சொன்னால் வெளி டெவலப்பர் என்ன செய்வார்?

இன்னொரு சங்கடம் வடிவத்தில். பிளேஸ்டேஷன் முப்பரிமாண உருவத்தை முக்கோணங்களால் வரைந்தது. சாட்டர்ன் நாற்கரங்களால் வரைந்தது. கணினி வரைகலை உலகம் முக்கோணத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முக்கோணத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: மூன்று புள்ளிகளை எங்கே வைத்தாலும் அவை ஒரே தளத்தில்தான் இருக்கும். நான்கு புள்ளிகள் அப்படி அடங்காது, முறுக்கிக்கொள்ளும். ஆக, மற்ற கணினிகளுக்காக முக்கோணத்தில் செய்து வைத்திருந்த உருவங்களையும் கருவிகளையும் சாட்டர்னுக்கு அப்படியே எடுத்து வர முடியாது. மறுபடி வேலை.

சோனி என்ன செய்தது? தன்னிடம் பெரிய விளையாட்டு அணி இல்லை என்பது அதற்கு நன்றாகத் தெரியும். வெளி டெவலப்பர் வராவிட்டால் பெட்டி வெறும் பெட்டிதான். அதனால் சி மொழியில் எழுதலாம் என்று தயாரான நூலகங்களைக் கொடுத்தது. 1993-ல் சைக்னோசிஸ் என்ற பிரிட்டிஷ் விளையாட்டு நிறுவனத்தை வாங்கியிருந்தது. அந்தத் தொடர்பில் எஸ்.என். சிஸ்டம்ஸ் என்ற சிறிய பிரிட்டிஷ் நிறுவனத்தின் கருவி கிடைத்தது. சாதாரணக் கணினிக்குள் செருகும் அட்டையாக அதைச் செய்திருந்தார்கள். வழக்கமான மேசைக் கணினியில் உட்கார்ந்தபடியே பிளேஸ்டேஷனுக்கு எழுதலாம், ஓட்டலாம், பிழை தேடலாம். கேட்க சின்ன விஷயம். ஒரு நிரலாளரின் நாளில் பாதி பிழை தேடுவதில்தான் போகிறது என்பதை நினைத்தால் சின்ன விஷயம் இல்லை.

சேகாவும் பிறகு நல்ல வரைகலை நூலகம் ஒன்றைக் கொடுத்தது. சும்மா சொல்லக்கூடாது, அதன் பிறகு வந்த சாட்டர்ன் விளையாட்டுகள் நன்றாகவே இருந்தன. ஆனால் நேரம் போய்விட்டது. அதற்குள் இன்னொரு காரியமும் நடந்திருந்தது. அமெரிக்காவில் சாட்டர்ன் 1995 செப்டம்பரில் வரும் என்று சேகா சொல்லியிருந்தது. அதை நம்பி வெளி டெவலப்பர்கள் செப்டம்பருக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மே மாதம் 11-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் சேகா திடீரென்று, "இன்றே கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர்" என்று அறிவித்தது. அன்றே சோனி தன் விலையைச் சொன்னது: 299 டாலர். கூட்டத்தில் விலை பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு இதில் பெரிய அடி விலை இல்லை என்று தோன்றுகிறது. பெட்டி வெளிவந்த நாளில் வெளி டெவலப்பர்களின் சரக்கு கையில் இல்லை. அலமாரியில் இருந்தது அநேகமாகச் சேகாவின் விளையாட்டுகள் மட்டும். கூட்டாளிக்குச் சொல்லாமல் கடையைத் திறந்தால் கூட்டாளி அடுத்த முறை யோசிப்பான்.

இதே காலத்தில் நிண்டெண்டோ 64 வந்தது, 1996-ல். நிரலாக்கத்திலும் அதற்குச் சில முட்கள் உண்டு. உருவங்களின் மேல் ஒட்டும் படங்களுக்கான உள் நினைவகம் வெறும் 4 கிலோபைட். ஆனால் அதைவிடப் பெரிய தடை கேட்ரிட்ஜ். மிகப் பெரிய கேட்ரிட்ஜிலேயே 64 மெகாபைட்தான் இடம். குறுந்தட்டில் 650 மெகாபைட் அளவுக்கு வைக்கலாம். குறுந்தட்டு அச்சடிக்க மலிவு, சீக்கிரம் தீர்ந்தால் சீக்கிரம் மறுபடி அச்சடிக்கலாம். கேட்ரிட்ஜுக்கு முன்கூட்டியே பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். விற்காவிட்டால் நட்டம் டெவலப்பர் தலையில். முதல் ஆறு ஃபைனல் ஃபேன்டசியையும் நிண்டெண்டோவுக்கு எழுதிய ஸ்குவேர் நிறுவனம், ஏழாவதைப் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. 1997 ஜனவரியில் அது மூன்று குறுந்தட்டுகளில் வந்தது.

கடைசிக் கணக்கு இது. பிளேஸ்டேஷன் 102 மில்லியன். நிண்டெண்டோ 64 சுமார் 33 மில்லியன். சாட்டர்ன் 10 மில்லியனைத் தொடவில்லை.

இத்தோடு நிறுத்திவிட்டால் பாடம் ரொம்ப அழகாக இருக்கும். எளிதாக இருந்தால் ஜெயிக்கலாம், கஷ்டமாக இருந்தால் தோற்கலாம். ஆனால் அடுத்த தலைமுறை இந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது.

சேகா பாடம் கற்றுக்கொண்டது. 1998-ல் வந்த ட்ரீம்காஸ்ட் எழுதுவதற்கு எளிமையான, சுத்தமான பெட்டி. டெவலப்பர்கள் மெச்சினார்கள். பிளேஸ்டேஷன் 2 வந்தது 2000-ல். அதில் முக்கியச் செயலியோடு இரண்டு திசையன் கணக்குப் பிரிவுகள், அவற்றுக்குத் தனி நிரல் எழுத வேண்டும். வரையும் சிப்பில் 4 மெகாபைட் நினைவகம்தான். அதிவேகம், ஆனால் குறுகல். ஓயாமல் தரவை உள்ளே தள்ளி வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் டெவலப்பர்கள் நொந்துபோனார்கள். முடிவு? ட்ரீம்காஸ்ட் உற்பத்தி 2001-ல் நின்றது. பிளேஸ்டேஷன் 2 விற்பனை 150 மில்லியனைத் தாண்டியது.

ஏன்? இலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் போன்ற பெரிய நிறுவனமே ட்ரீம்காஸ்டுக்கு எழுத மறுத்தது. முன்பு சேகாவிடம் பட்ட அனுபவம் எல்லாருக்கும் நினைவில் இருந்தது. பிளேஸ்டேஷன் 2-வில் பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளும் ஓடும், டிவிடி படமும் பார்க்கலாம். வாங்க ஆள் நிச்சயம். தண்ணீர்க் குழாய் தூரமாக இருந்தாலும் பல்லாயிரம் பேர் வரும் சந்தை என்றால் கடைக்காரர் வாளியில் தூக்கிக்கொண்டாவது வருவார்.

அந்த வாளியை விற்றுப் பிழைத்தவர்களும் உண்டு. கிரைட்டீரியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ரெண்டர்வேர் என்ற மென்பொருளைச் செய்தது. பிளேஸ்டேஷன் 2-வின் கஷ்டத்தையெல்லாம் அது உள்ளே வாங்கிக்கொண்டு, வெளியே எளிய கட்டளைகளைக் கொடுக்கும். 2001-ல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3 அதை வைத்துத்தான் எழுதப்பட்டது. ஒரு நிறுவனம் ஒருமுறை கஷ்டப்பட்டு, நூறு நிறுவனங்கள் காசு கொடுத்து அந்தக் கஷ்டத்தைத் தவிர்த்தன.

ஆக, நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். எழுதக் கஷ்டமாக இருப்பது ஒரு செலவு. அந்தச் செலவைக் கன்சோல் செய்தவர் கட்டுவதில்லை. எழுதுகிறவர் கட்டுகிறார், மாதக் கணக்கில், சம்பளக் கணக்கில். லாபம் அதைவிடப் பெரிதாக இருக்கும்வரை கட்டுவார். பக்கத்தில் குறைந்த செலவில் இன்னொரு சந்தை வந்த அன்று கணக்கு மாறும்.

சோனிக்கு அந்த நாள் 2006-ல் வந்தது.

பிளேஸ்டேஷன் 3-க்குள் இருந்தது செல் என்ற செயலி. சோனி, தொஷிபா, ஐ.பி.எம். மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. 3.2 கிகாஹெர்ட்ஸ். ஒரு பொதுச் செயலி, அதோடு எஸ்.பி.இ. எனப்படும் எட்டு வேகப் பிரிவுகள். அதில் ஒன்று முடக்கப்பட்டிருக்கும், ஒன்றை இயக்க முறைமை எடுத்துக்கொள்ளும். விளையாட்டுக்கு மிஞ்சுவது ஆறு.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கோயில் அன்னதானச் சமையலறையை வைத்துச் சொல்கிறேன். தலைமைச் சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். சரக்கு அறைக்குள் நினைத்த நேரம் போய் வருவார். அவரோடு காய் வெட்டுவதில் மின்னல் மாதிரி ஆறு பேர். ஆனால் அந்த ஆறு பேரும் சரக்கு அறைக்குள் நுழையக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன மேசை. வேண்டியதைச் சீட்டில் எழுதித் தள்ளுவண்டியை அனுப்ப வேண்டும். வண்டி கொண்டுவந்து கொட்டும். வெட்டி முடித்ததை அதே வண்டியில் திருப்பி அனுப்ப வேண்டும். காய் மட்டுமல்ல, எப்படி வெட்டுவது என்ற குறிப்பும் அதே மேசையில்தான் இருக்க வேண்டும். மேசையின் அளவு 256 கிலோபைட். இன்று நம் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது.

வண்டி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மின்னல் வேகத்தால் என்ன பயன்? அதனால் மேசையை இரண்டாகப் பிரிப்பார்கள். இந்தப் பாதியில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாதிக்கு அடுத்த மூட்டை வர வேண்டும். எந்தக் காய் எப்போது தேவைப்படும் என்பதை முன்கூட்டியே கணித்து ஒவ்வொரு சீட்டையும் நிரலாளரே எழுத வேண்டும். மற்ற கணினிகளில் இந்த வேலையை வன்பொருள் தானாகச் செய்துவிடும், நாம் கவனிப்பதே இல்லை. இங்கே எல்லாம் கைவேலை. போதாததற்குச் சரக்கு அறையும் இரண்டு: பொது நினைவகம் 256 மெகாபைட், வரைகலைக்கு 256 மெகாபைட். ஒன்றில் இடம் காலியாக இருந்தாலும் மற்றதில் தட்டுப்பாடு வரும்.

பக்கத்துச் சந்தையில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360. ஓராண்டு முன்னதாகவே, 2005 நவம்பரில் வந்துவிட்டது. ஒரே மாதிரியான மூன்று உட்கருக்கள், எல்லாருக்கும் பொதுவாக 512 மெகாபைட் நினைவகம், கணினிக்கு விளையாட்டு எழுதியவர்களுக்குப் பழகிய கருவிகள். பல நிறுவனங்கள் முதலில் 360-க்கு எழுதிவிட்டுப் பிறகு பிளேஸ்டேஷன் 3-க்கு மாற்றின. மாற்றும்போது தையல் தெரியும். பயோனெட்டா இதற்குப் பேர்போன உதாரணம். 360 பதிப்பை பிளாட்டினம் கேம்ஸ் எழுதியது, பிளேஸ்டேஷன் 3-க்கு மாற்றும் வேலையைச் சேகா செய்தது. 2009-ல் இரண்டும் வெளிவந்தபோது பிளேஸ்டேஷன் 3-ல் திணறல் கண்ணுக்குத் தெரிந்தது. விலை கூடிய பெட்டி வாங்கியவனுக்குக் குறைந்த தரம்!

2009-ன் தொடக்கத்தில் சோனியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர் காஸ் ஹிராய் ஒரு பேட்டியில் சொன்னது இன்றுவரை பேசப்படுகிறது. டெவலப்பர்கள் கேட்கும் எளிதான பெட்டியை நாங்கள் கொடுப்பதில்லை. எளிதாக இருந்தால் எல்லாரும் சீக்கிரமே முழுத் திறனையும் எடுத்துவிடுவார்கள், மிச்ச ஆண்டுகளுக்கு என்ன செய்வது என்பது அவர் வாதம். இதை நான் வெறும் சால்ஜாப்பு என்று ஒதுக்க மாட்டேன். உண்மையும் கொஞ்சம் இருக்கிறது. சோனியின் சொந்த அணியான நாட்டி டாக், அந்த ஆறு மேசைகளையும் பழகிக்கொண்டு அன்சார்ட்டட் 2, பிறகு 2013-ல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்று அசத்தியது. அந்தப் பெட்டியிலிருந்து அப்படி ஒரு படம் வரும் என்று 2006-ல் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நாட்டி டாக் வீட்டுப் பிள்ளை. வருடக்கணக்கில் ஒரே பெட்டியைப் படிக்க அதற்குச் சம்பளம் உண்டு. வெளி டெவலப்பருக்கு யார் கொடுப்பது?

இந்த இடத்தில் எங்கள் வகுப்பு அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டு குழுத்திட்டத்தில் எங்கள் முன்னால் இரண்டு நுண்கட்டுப்பாட்டு அட்டைகள் இருந்தன. ஒன்று வேகமானது, ஆயிரம் பக்கத்துக்கு மேல் கையேடு, உதாரண நிரல் மிகக் குறைவு. மற்றது மெதுவானது, எதைத் தேடினாலும் யாரோ ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார். எங்கள் குழு மெதுவானதை எடுத்தது. மூன்றாவது நாளே உணரியின் அளவு திரையில் வந்துவிட்டது. வேகமானதை எடுத்த குழு நான்காவது வாரம்வரை கடிகார அமைப்போடும் தள்ளுவண்டியோடும், அதாவது டி.எம்.ஏ.வோடும், மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. "மச்சான், இது எழுதறதுக்கு செஞ்சதா, இல்ல எங்கள அழ வைக்க செஞ்சதா?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான். ஆனால் கடைசி வாரம் அவர்கள் அட்டை கேமராப் படத்தை நேரடியாக அலசிக் காட்டியது. எங்களுடையதால் அது ஆகவே ஆகாது. இரண்டு குழுவுக்கும் நல்ல மதிப்பெண்தான். அவர்களுக்கு வேறு பாடத்தின் ஒப்படைப்பு ஒன்று தாமதமானது. செலவு அங்கே போய் விழுந்தது.

சரி, சோனிக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 4-ஐ வடிவமைக்கும் பொறுப்பு மார்க் செர்னி என்பவரிடம் போனது. அவர் வன்பொருள் பொறியாளர் என்ற பெயரில் வந்தவரில்லை. 1984-ல் மார்பிள் மேட்னஸ் என்ற விளையாட்டை உருவாக்கிய, விளையாட்டு எழுதி வளர்ந்த மனிதர். அவர் முதலில் செய்த வேலை, வெளி டெவலப்பர்களைத் தேடிப் போய் என்ன வேண்டும் என்று கேட்டது. பொதுவான ஒரே நினைவகம் வேண்டும் என்பது அவர்கள் சொன்னதில் முக்கியமானது. புதுமையான விசித்திரச் செயலி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

2013-ல் பார்சிலோனாவில் அவர் கொடுத்த உரையில் ஓர் அளவுகோலைக் காட்டினார். அதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. திரையில் தெரியும் முப்பரிமாண உருவம் எல்லாம் முக்கோணங்களின் தொகுப்பு. ஒரு புது கன்சோல் கைக்கு வந்த பிறகு, வரைகலையின் அடிப்படை ஓட்டத்தை எழுதி முதல் முக்கோணத்தைத் திரையில் கொண்டுவர ஒரு குழுவுக்கு எவ்வளவு காலம் ஆகிறது? பிளேஸ்டேஷன் 1-ல் ஒன்று முதல் இரண்டு மாதம். பிளேஸ்டேஷன் 2-ல் மூன்று முதல் ஆறு மாதம். பிளேஸ்டேஷன் 3-ல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். பெட்டிகள் வேகமாகிக்கொண்டே போயின, முதல் முக்கோணம் தள்ளிக்கொண்டே போனது. பிளேஸ்டேஷன் 4-ல் அதை மறுபடி ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குக் கொண்டுவந்தார்.

அதற்காக அவர் விட்டுக்கொடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நினைவகத்துக்கு இரண்டு வழிகள் மேசையில் இருந்தன. ஒன்று, வினாடிக்கு 176 ஜிகாபைட் தரும் ஒரே பொது நினைவகம். இரண்டாவது, பொது நினைவகத்தின் வேகத்தைப் பாதியாக்கிவிட்டு, சிப்புக்குள்ளேயே வினாடிக்கு 1,000 ஜிகாபைட்டுக்கும் மேல் ஓடும் ஒரு சின்ன நினைவகம் வைப்பது. விளம்பரத்துக்கு எது நன்றாக இருக்கும்? ஆயிரம்தான். அந்தச் சின்ன நினைவகத்தில் எதை எப்போது வைப்பது என்ற புதிரை ஒவ்வொரு டெவலப்பரும் தனித்தனியாக அவிழ்க்க வேண்டியிருக்கும் என்பதால் அவர் 176-ஐ எடுத்தார். நம்முடைய தேநீர் நேரச் சண்டையில் இந்த முடிவு தோற்றுப்போயிருக்கும். 2013 நவம்பரில் 8 ஜிகாபைட் பொது நினைவகத்தோடு, கணினிகளில் பழகிய எக்ஸ்86 ரகச் செயலியோடு அந்தப் பெட்டி வெளிவந்தது. 100 மில்லியனைத் தாண்டி விற்றது. 2020-ல் பிளேஸ்டேஷன் 5 பற்றிப் பேசும்போது அதே அளவுகோலைச் செர்னி மறுபடி காட்டினார். ஒரு மாதத்துக்கும் குறைவு.

பிளேஸ்டேஷன் 3 படுதோல்வி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதுவும் 87 மில்லியன் விற்றது. ஆனால் முன்னால் 150 மில்லியன் விற்ற குடும்பத்தில் அது இறக்கம், அதுவும் விலையைக் குறைத்துக் குறைத்து வந்த எண்ணிக்கை.

இதெல்லாம் ஜப்பான், அமெரிக்கா கதை. நமக்கென்ன என்று கேட்கலாம். ஃபைனல் ஃபேன்டசி 15-ல் முக்கிய வடிவமைப்பாளராக இருந்த வான் ஹஸ்மர் ஊர் திரும்பி, கோலாலம்பூரில் மெட்ரோனோமிக் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களின் நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் 2020 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச், கணினி என்று எல்லாவற்றிலும் வந்தது. அன்ரியல் எஞ்சினை வைத்து எழுதியது. அந்தக் காலத்து ரெண்டர்வேர் செய்த வேலையை இன்று பெரிய அளவில் செய்வது அன்ரியல், யூனிட்டி போன்ற எஞ்சின்கள். முதல் முக்கோணத்துக்கே ஒரு வருடம் கேட்கும் பெட்டிகள், சந்தைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்திருந்தால் ஒரு சிறிய மலேசிய அணி நான்கு இடத்திலும் கடை போட்டிருக்க முடியுமா?

நிரலாக்கம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு பயிற்சியோடு முடிக்கிறேன். கன்சோல் தேவையில்லை, வீட்டுக் கணினி போதும். பழைய ஓப்பன்ஜி.எல். முறையில் திரையில் ஒரு வண்ண முக்கோணம் வரைந்து பாருங்கள். வரையும் பகுதி பத்துப் பதினைந்து வரிதான் வரும். பிறகு அதே முக்கோணத்தை 2016-ல் வந்த வல்கன் முறையில் வரையுங்கள். ஆயிரம் வரியை நெருங்கும்; நினைவகம், வரிசை, ஒத்திசைவு எல்லாவற்றையும் நீங்களே சொல்ல வேண்டும். தள்ளுவண்டிச் சீட்டு எழுதும் வேலையை வேண்டுமென்றே நிரலாளர் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள், யார் கேட்டு அப்படிச் செய்தார்கள், அந்த ஆயிரம் வரியை இன்று உண்மையில் யார் எழுதுகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். இரண்டுக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். அடுத்த வகுப்பில் எல்லாருடைய நேரத்தையும் பலகையில் எழுதிப் பார்ப்போம்.